ஐஸ் பெட்டிக்குள் ஒரு பெடல்

என் தங்கை, தன் கணவனுடைய படகு எஞ்சினின் இரண்டு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, ஒரு துண்டுத் துணியில் சுற்றி, அலுமாரிக்குள் வைத்துப் பூட்டி ஒன்பது மாதங்கள் ஆகியிருந்தன. ஊர்காவற்றுறைக் கடையில் புதிய பிளக் வாங்குவது ஐந்து நிமிட வேலை. மச்சான் வாங்கவில்லை. அவள் புனிதருக்கு வைத்த நேர்த்திக்கடனை அவள் அளவுக்கு அவனும் நம்புகிறான் என்று அதிலிருந்துதான் எனக்குத் தெரிந்தது.

முந்திய ஆண்டு, தென்மேற்குக் காற்றான சோளகம் ஓய்கிற காலத்தில், நெடுந்தீவுக்கு மேற்கே அவனுடைய எஞ்சின் நின்றுபோனது. இரண்டு இரவுகள் அவன் கடலில் இழுபட்டான். மூன்றாம் நாள் காலை நயினாதீவுப் பயணிகள் படகுக்காரர்கள் கண்டு, கயிறு போட்டு இழுத்து வந்தார்கள். அந்த இரண்டு இரவும் தங்கை எங்கள் கோயிலில் முழந்தாளில் இருந்தாள். அவன் உயிரோடு வந்தால், அடுத்த பெருநாளில் புனிதரின் சொரூபம் இறங்குதுறையிலிருந்து கோயில் வாசலுக்கு வரும்போது, வழி முழுவதும் அவன் தன் கிட்டாரில் புனிதரின் பாட்டை ஓரிடமும் அறாமல் வாசிப்பான் என்று நேர்ந்தாள். அது நிறைவேறும்வரை அவன் கடலில் கால் வைக்கமாட்டான் என்றும் சேர்த்துக்கொண்டாள்.

"நேர்ந்தது அவள், வாசிக்கிறது நான்" என்று மச்சான் சொல்லித் திரிந்தான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் ஒன்பது மாதமும் மற்றவர்களின் வலையைத் தைத்தும் மற்றவர்களின் மீனை இறக்கியும் நின்றவன், தன் படகு கவிழ்த்து வைக்கப்பட்டிருந்த பக்கம் திரும்பிப் பார்க்காமல் நடக்கப் பழகியிருந்தான்.

நான் ஐஸ் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். ஒரு நாளைக்கு ஆறு தடவை உப்புநீர்த் தொட்டியின் வெப்பநிலையைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவது என் பொறுப்பு. வீட்டிலும் பதினேழு வயதிலிருந்து நாட்குறிப்பாகக் கொப்பி எழுதி வருகிறேன்: காற்றின் திசை, கடல், அன்றைய வேலை, யார் வந்தார், என்ன பழுதானது. கோயில் பாடகர் குழுவில் நான் பேஸ் கிட்டார் வாசிப்பவன். மச்சான் முன்னணிக் கிட்டார். இருபத்திரண்டு ஆண்டுகளாக அப்படித்தான்.

அவன் கிட்டாருக்கும் அம்ப்ளிபயருக்கும் இடையில் ஒரு பெடல் இருக்கும். காலால் மிதித்து இயக்குகிற சிறிய தகரப் பெட்டி. சாதாரணமாகக் கிட்டாரில் ஒரு சுரத்தைத் தட்டினால் அது இரண்டு மூன்று வினாடியில் அடங்கிவிடும். இந்தப் பெட்டிக்குள்ளால் போனால் அதே சுரம் தடித்து, சற்றுக் கரகரத்து, விரலை எடுக்கும்வரை நீளும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் நாதஸ்வரம் என்று சொல்லலாம். பழைய றேடியோ ஒன்றிலிருந்து கழற்றிய இரண்டு ஜெர்மானியம் ரான்சிஸ்டர்களை வைத்து, எங்கள் கடைத்தெருவில் றேடியோ திருத்தியவர் அதைச் செய்து கொடுத்தார். அவர் கனடாவுக்குப் போய்ப் பல காலம். தங்கை நேர்ந்தபோது அவள் காதில் இருந்தது அந்தச் சத்தம்தான்.

மார்ச் மாதத்தில் ஒரு ஞாயிறு, பன்னிரண்டு மணியளவில், எங்கள் முற்றத்துத் தகரக் கொட்டிலுக்குள் ஒத்திகை பார்த்தோம். ஆறாவது நிமிடத்தில் சுரங்களின் வால் அறத் தொடங்கியது. பத்தாவது நிமிடத்தில் பெடல் தொண்டை கட்டியவன் போல இருமியது. பிறகு ஒன்றும் இல்லை.

"பற்றரி செத்துப்போச்சு" என்றான் மச்சான்.

புதிய பற்றரி போட்டோம். அப்போதும் இல்லை. பின்னேரம் ஆறு மணிக்கு, ஒன்றுமே நடக்காதது போல அது பாடியது.

தங்கை கொட்டில் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "இது நல்ல சகுனமில்லை, அண்ணை" என்றாள்.

"சகுனமில்லைப் பிள்ளை. வெக்கை."

அப்போது எனக்கு அது ஊகம்தான். மறுநாள் தொழிற்சாலையிலிருந்து வயர் நுனியால் அளக்கிற வெப்பமானி ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தேன். பெடலைக் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு கதிரையில் வைத்து, வயர் நுனியை அதன் தகரத்தில் ஒட்டி, கதிரையைக் கொஞ்சம் கொஞ்சமாக அடுப்புக்குக் கிட்டத் தள்ளினேன். மச்சான் ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருந்தான். இருபத்தெட்டுப் பாகை செல்சியஸில் சுரம் முழுதாக நீண்டது. முப்பத்தொன்று வரை குறை சொல்ல முடியாது. முப்பத்துநான்கில் வால் அறுந்தது. முப்பத்தேழில் துண்டு துண்டாக வந்தது. நாற்பதில் ஊமை. நான்கு நாட்கள் பார்த்தேன். ஒரு பாகைக்கு மேல் வித்தியாசம் வரவில்லை. அந்தப் பழைய ரான்சிஸ்டர்கள் சூட்டில் மின்சாரத்தைத் தாமாகவே கசியவிடுகின்றன. கசிவு கூடக்கூடப் பாடுவதற்கு மிச்சமில்லாமல் போகிறது. பழுது இல்லை. அவற்றின் குணம் அது.

"மீனும் உந்த வெக்கைக்குத்தானே பழுதாப்போறது" என்றான் மச்சான். "உதுவும் எங்கட சாதிதான்."

பெருநாளன்று பூசை முடிந்து, சொரூபத்தைப் படகில் ஏற்றிக் கடலைச் சுற்றி வந்து, இறங்குதுறையில் மீண்டும் இறக்கும்போது பதினொன்றரை ஆகும். நாங்கள் லான்ட்மாஸ்டர் என்கிற சிறிய உழவு இயந்திரத்தின் இழுவைப் பெட்டியில் ஜெனரேட்டரோடும் ஸ்பீக்கர்களோடும் முன்னால் போகவேண்டும். அந்தத் தகரத் தளத்தில் பதினொன்றரை மணிக்கு நாற்பத்தாறு பாகை. அளந்து பார்த்தேன். துறையிலிருந்து வாசலுக்கு எட்டு வைத்து நடந்து காலடிகளை எண்ணினேன்: முந்நூற்று நாற்பது எட்டு. சொரூபம் தூக்குகிறவர்களின் நடையில் பதின்மூன்று நிமிடம். ஐம்பது எட்டுக்கு ஒன்றாகத் தெருவோரத்தில் சிறிய நீலக் குறிகள் போட்டேன், எந்த இடத்தில் பாட்டின் எந்த அடியில் இருக்கவேண்டும் என்று தெரிவதற்காக.

நகரத்தில் ஒரு நண்பர் புதிய பெடல் ஒன்றை இரவல் தந்தார். அதை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தாலும் அதன் சத்தம் மாறவில்லை. எனக்கு மனம் ஆறியது. தங்கையைக் கூப்பிட்டு, மச்சானை வாசிக்கச் சொன்னேன். அவள் முழுப் பாட்டையும் பொறுமையாகக் கேட்டாள்.

"குளவிக் கூட்டுக்குக் கல்லெறிஞ்ச மாதிரிக் கிடக்கு" என்றாள். "நான் பழைய சத்தத்தை நினைச்சுத்தான் நேர்ந்தனான்."

"அவருக்கு என்ன வித்தியாசம் விளங்கப்போகுது?" என்று மச்சான் கோயில் பக்கம் கையைக் காட்டினான்.

"எனக்கு விளங்குது. சொன்னது நானெல்லோ."

ஈரச் சாக்கால் மூடிப் பார்த்தேன். குடை பிடித்துப் பார்த்தேன். முப்பத்தாறுக்குக் கீழே இறங்கவில்லை. கடைசியில், என் கைக்கு எட்டிய இடத்திலேயே இருந்த வழி ஞாபகத்துக்கு வந்தது. வெக்கையில் பழுதாகிற எதையும் எங்கள் கரையில் என்ன செய்வார்கள்? மீன் வைக்கிற ரெஜிபோம் நுரைப் பெட்டிக்குள் உடைத்த ஐஸைப் பரப்பி, பெடலைப் பொலித்தீனில் இறுக்கிக் கட்டி உள்ளே வைத்தேன். பதினாறு பாகையில் எடுத்து, வெயிலில் தகரத்தின் மேல் வைத்து, வாசிக்கச் சொன்னேன். பதினான்காவது நிமிடத்தில்தான் அது முப்பத்தொன்றைத் தொட்டது. எங்களுக்குத் தேவை பதின்மூன்று. எங்கள் முற்றத்தில், அதே பதினொன்றரை மணிக்கு, மூன்று வெவ்வேறு நாட்கள் செய்து பார்த்தேன். மூன்று நாளும் சோளகம் வீசிக்கொண்டிருந்தது. மூன்று நாளும் சரிவந்தது.

இரண்டாவது நாள் மச்சான் கேட்டான்:

"மீனை ஐஸால எடுத்து வெளியில வைச்சா வியர்க்குமெல்லோ, மச்சான்? உது வியர்க்காதே?"

"பொலித்தீனுக்குள்ளதானே கிடக்குது."

"வாசிக்கேக்கையும் பொலித்தீனோடயோ?"

"பதின்மூண்டு நிமிசம்தானே. மூண்டு தரம் பாக்கிறன். பிழைச்சாச் சொல்லுறன்."

"சரி, ஐஸ்காரன் சொன்னாச் சரி."

இந்த உரையாடல் என் கொப்பியில் இல்லை. பின்னர் தேடிப் பார்த்தேன். அன்றைய பக்கத்தில் வெப்பநிலைகள் மட்டும் இருக்கின்றன.

பெருநாளுக்கு முதல் நாள் தங்கை வந்தாள். கதிரையில் உட்காரவில்லை. "அண்ணை, நிச்சயமோ?" என்று மட்டும் கேட்டாள். வாசிப்புப் பிழையாகப் போனால் இன்னும் ஒரு வருடம் அலுமாரி திறக்காது என்று அவள் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. இன்னொரு வருடத்தை மச்சான் கரையில் தாங்கமாட்டான். புதிய பிளக் வாங்கிவிடுவான். அப்படி அவன் கடலுக்குப் போகிற ஒவ்வொரு நாளும் அவள் செத்துப் பிழைப்பாள். எங்கள் மூவருக்கும் இது தெரியும்.

"நிச்சயம்" என்றேன்.

பெருநாளன்று காலை எழுந்தபோது காற்று இல்லை. ஒரு கிழமையாக விடாமல் வீசிய சோளகம், யாரோ கதவைச் சாத்தியது போல நின்றிருந்தது. கடல் எண்ணெய் ஊற்றியது போலக் கிடந்தது. பூசையில் எல்லாருடைய சேட்டும் முதுகோடு ஒட்டியிருந்தது. கொப்பியில் "காற்று இல்லை" என்று எழுதினேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை. வெப்பமானி முப்பத்துமூன்று காட்டியது. ஒத்திகை நாட்களைவிட ஒரு பாகை குறைவு. எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

இன்னொரு கணக்கும் இருந்தது. நிழலில் சுருதி சேர்த்த கிட்டாரை வெயிலுக்குக் கொண்டுபோனால் உருக்குக் கம்பிகள் சூடேறி நீள்கின்றன, சுருதி இறங்குகிறது. அடுத்தடுத்த இரண்டு சுரங்களுக்கிடையிலான தூரத்தை நூறு பங்காக்கினால், மச்சானின் கிட்டார் அந்த வெயிலில் ஆறு நிமிடத்தில் பன்னிரண்டு பங்கு இறங்கும். அதன்பிறகு அசையாது. ஆகவே துறை மண்டபத்து நிழலில், பன்னிரண்டு பங்கு கூட்டிச் சுருதி சேர்த்தேன்.

"காது கூசுது" என்றான் மச்சான். "உது பிழை."

"வெயிலுக்குள்ள போனாச் சரிவரும்."

"இந்த ரோட்டில வைச்சு நான் பிழையாத் தொடங்கோணுமோ? அவள் முன்னுக்கு நிக்கிறாள், பார்."

தங்கை கூட்டத்தின் முன்வரிசையில் நின்றாள். வெள்ளைச் சேலை. கையில் மெழுகுதிரி. அந்த வெயிலில் அது சுடர் தெரியாமல் எரிந்தது.

"ஆறு நிமிசம் பொறு" என்றேன்.

சொரூபம் படகிலிருந்து இறங்கியது. மணி பதினொன்று முப்பத்திரண்டு. ஐஸ் பெட்டியைத் திறந்து பெடலை எடுத்தேன். பதினாறரை பாகை. பொலித்தீனைக் கிழித்து, காய்ந்த துணியால் ஒருமுறை துடைத்து, வயர்களைச் செருகி மச்சானின் காலடியில் வைத்தேன். லான்ட்மாஸ்டர் இருமிக்கொண்டு நகர்ந்தது. அவன் மிதித்தான்.

சத்தம் முழுதாக வந்தது. ஆனால் சுருதி மேலே நின்றது. பாடுகிறவர்களுக்கும் கிட்டாருக்கும் இடையில் பல்லைக் கூசவைக்கிற ஒரு சிறிய இடைவெளி. பங்குத் தந்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். முதலாம் நீலக் குறி போனது. இரண்டாம் குறி. இடைவெளி ஒடுங்கிக்கொண்டு வந்தது. இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில், என் கடிகாரத்தில் சரியாக ஐந்தரை நிமிடத்தில், கம்பிகள் இறங்கிப் பாட்டின் மேல் அப்படியே உட்கார்ந்தன. கிட்டார் கூட்டத்தின் குரலோடு கலந்து எது எது என்று தெரியாமல் போனது. மச்சான் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான். என் வாழ்க்கையில் நான் எழுதிய எண்களில் எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி தந்தது வேறொன்றில்லை.

பிறகு பெடலைப் பார்த்தேன்.

அதன் மேல் தகரம் மங்கியிருந்தது, கண்ணாடியில் மூச்சு விட்டதுபோல. நான் பார்த்துக்கொண்டிருக்க, மங்கல் துளிகளாகத் திரண்டது. ஒரு துளி இன்னொன்றோடு சேர்ந்து, பெட்டியின் மூட்டுவரை ஓடி, உள்ளே போனது. எங்கள் முற்றத்தில் அடித்த காய்ந்த காற்றில் இவ்வளவு ஈரம் இருக்கவில்லை. இங்கே கடலோரத்தில், காற்றில்லாத நடுப்பகலில், ஈரம் அப்படியே தேங்கி நின்றது. ஒவ்வொரு நாளும் என் கண்முன்னால் ஐஸ் பார்கள் என்கிற பெரிய கட்டிகள் வியர்த்துக்கொண்டே வாசலைத் தாண்டிப் போகின்றன. அதற்கு என் பதிவேட்டில் ஒரு கட்டம் இல்லாததால் நான் அதை ஒருநாளும் கண்டதில்லை.

என் இரண்டு கையும் பேஸ் கிட்டாரில். விட முடியாது. "மச்சான்" என்றேன். ஜெனரேட்டர் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை.

மூன்றாம் நீலக் குறி. எண்ணெய்ச் சட்டியில் தண்ணீர் தெறித்ததுபோல ஒரு சத்தம். மீண்டும் ஒன்று. குறிக்குப் பதினொரு எட்டுத் தள்ளி, வலை தைக்கிற கொட்டிலுக்கு நேரெதிரே, பெடல் செத்தது.

கூட்டம் பாடிக்கொண்டே வந்தது. என் பேஸ் ஓடிக்கொண்டிருந்தது. மச்சானின் விரல்களும் ஓடிக்கொண்டிருந்தன, ஆனால் ஸ்பீக்கரில் அவன் இல்லை. ஒரு தாளம். இரண்டு. அவன் குனிந்து பார்த்தான். நான்கு. ஐந்து. காலைத் தூக்கி மிதித்து, பெடலைச் சத்தம் போகிற பாதையிலிருந்து விலக்கினான். எட்டு. கிட்டாரின் வெறும் சத்தம் வந்தது. மெல்லிய, உடனே அடங்குகிற சத்தம். அடங்கவிடாமல் அவன் ஒவ்வொரு சுரத்தையும் மண்டலினில் போலப் படபடவென்று அடித்துக்கொண்டே போனான். மிச்சம் நூற்று எழுபத்தொன்பது எட்டு. நான்காம் குறியில் அவன் மணிக்கட்டு நடுங்கத் தொடங்கியது. ஆறாம் குறியில் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தான். கோயில் வாசலில் சொரூபத்தை இறக்கி வைக்கும்வரை அவன் கையை நிறுத்தவில்லை.

பங்குத் தந்தை லான்ட்மாஸ்டரடிக்கு வந்து, "கடைசியில மாத்தி வாசிச்சது நல்லா இருந்தது" என்றார். அவருக்கு விளங்கவில்லை. பாடகர் குழுவுக்கும் விளங்கவில்லை.

மச்சான் வயர்களைச் சுருட்டுவதுபோல என் பக்கத்தில் குந்தினான். வலது கையை மடிக்கமுடியாமல் விரித்தபடி வைத்திருந்தான்.

"ஒருத்தருக்கும் தெரியேல்லை" என்றான் தாழ்ந்த குரலில். "பாதருக்கே தெரியேல்லை. நீ உன்ர திருவாயைத் திறவாதை."

"அவள் கேட்டா?"

"கேட்டா, ஒண்டும் நடக்கேல்லை. எட்டுத் தாளம். எட்டே எட்டு. அதுக்காக நான் இன்னும் ஒரு வருசம் வலை தைக்கிறதோ?"

"ஐஸ் வைச்சது நான். பிழை என்ர."

"பிழை உன்ர எண்டா வாயை மூடுறதும் உன்ர வேலைதான்."

தங்கை கூட்டத்தை விலக்கிக்கொண்டு எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தாள். மெழுகுதிரி அணைந்திருந்தது. அவள் அவனைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். அவளுக்கு ஆறு வயதாக இருந்தபோதிலிருந்தே வீட்டில் யார் முதலில் அடித்தது, மழை எத்தனை மணிக்கு வந்தது என்று எந்த வழக்கு வந்தாலும், "அண்ணையைக் கேளுங்கோ" என்றுதான் சொல்வாள்.

"அண்ணை, அறுந்ததோ?"

மச்சான் என் பின்னால் நின்றான். அவன் மூச்சுவிடும் சத்தம் கேட்டது.

"ஓம்" என்றேன். "அறுந்தது. எட்டுத் தாளம். நான் ஐஸில வைச்ச பிழை. அவன்ர பிழையில்லை."

"விசரன்" என்றான் மச்சான். முதலில் மெதுவாக. பிறகு கத்தினான்: "உன்ர கொப்பியளை எல்லாம் கட்டிக் கடலில தாழ்க்கோணும்! கோயிலுக்குள்ள இருக்கிறவரே பேசாமல் இருக்கிறார், இவர் தாளம் எண்ணுறார்!"

வாசலில் நின்றவர்கள் திரும்பினார்கள். தங்கையின் கண்கள் நிரம்பின, ஆனால் வழியவில்லை. அணைந்த திரியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எந்த இடத்தில?" என்றாள்.

"என்ன?"

"எந்த இடத்தில அறுந்தது? தெரியுமோ?"

"மூண்டாம் நீலக் குறிக்குப் பதினொரு எட்டு இஞ்சால. வலைக் கொட்டிலுக்கு நேர."

"மெய்யாத் தெரியுமோ, இல்லாட்டிச் சும்மா சொல்லுறியளோ?"

"மெய்யா."

அவள் மச்சானிடம் திரும்பினாள். "மடுக் கோயிலுக்கு நேர்ந்து நடந்து போறவை, கால் ஏலாமல் ஒரு இடத்தில நிண்டா, பேந்து அந்த இடத்தில இருந்துதானே நடக்கிறவை? திரும்ப வீட்டில இருந்து தொடங்கிறேல்லையே?"

"அதுக்கு?"

"இண்டைக்குப் பெருநாள் முடியேல்லை. பொழுதுபட இன்னும் நேரமிருக்கு. அறுந்த இடத்தில இருந்து வாசல் மட்டும் வாசிச்சுக் குடுங்கோ. பழைய சத்தத்தில."

"சனம் சிரிக்கும்."

"சிரிக்கட்டும்."

மச்சான் பெடலை எடுத்துத் தலைகீழாகப் பிடித்தான். மூட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது. அவன் என்னிடம் நீட்டினான்.

தொழிற்சாலைக்கு ஓடினேன். ஐஸ் உறைகிற இடத்துக்குச் சுவரோடு சுவராக, கொம்ப்ரசர் ஓடுகிற அறை இருக்கிறது. அங்கே நாற்பத்துமூன்று பாகை; காற்று வாயைக் காயவைக்கும். நான்கு ஆணிகளைக் கழற்றிப் பெடலைத் திறந்தேன். உள்ளே ரான்சிஸ்டர்களின் கால்களுக்கிடையில் வெள்ளையாக உப்புப் படிந்து, அந்த உப்பு ஈரத்தைக் குடித்திருந்தது. எத்தனையோ வருடக் கடற்காற்றின் உப்பு. காய்ந்து கிடந்தவரை அது ஒன்றும் செய்யவில்லை. பல் துலக்கும் பிரஷால், ஸ்பிரிட் தொட்டு, கால் காலாகத் துடைத்தேன். பிறகு கொம்ப்ரசர் விசிறியின் காற்றில் வைத்தேன். நாலேகால் மணித்தியாலம். மச்சான் வாசலில் நின்று கையை மடித்து நீட்டிக்கொண்டிருந்தான்.

ஐந்து மணிக்கு வெளியே எடுத்தபோது பெடல் நாற்பத்தொன்று. காய்ந்திருந்தது, ஆனால் ஊமை. மதில் நிழலில் வைத்துவிட்டுக் காத்திருந்தோம். முப்பத்தெட்டு. முப்பத்தாறு. பொழுது இறங்கிக்கொண்டிருந்தது.

"திரும்ப ஐஸில வைப்பம் எண்டு மட்டும் சொல்லிப்போடாதை" என்றான். மத்தியானத்துக்குப் பிறகு அவன் என்னோடு பேசிய முதல் வார்த்தை.

ஐந்து ஐம்பதுக்கு முப்பதரை. மூடி, ஆணி முறுக்கி, ஒருமுறை தட்டிப் பார்த்தான். பாடியது.

லான்ட்மாஸ்டர் போய்விட்டது. பற்றரியில் ஓடுகிற சிறிய அம்ப்ளிபயரைத் தங்கை இடுப்பில் ஏந்திக்கொண்டாள். பெடலை ஒரு பலகையில் கட்டி, நான் தட்டம்போல இரண்டு கையாலும் பிடித்தேன். கிட்டார் மச்சானின் தோளில். சுருதி இந்த முறை இருந்தபடியே சரியாக இருந்தது. வெயிலுக்கென்று ஒன்றும் கூட்டவில்லை. தெருவில் பெருநாள் காகிதங்கள் கிடந்தன. மூன்றாம் நீலக் குறியிலிருந்து பதினொரு எட்டு எண்ணி, வலைக் கொட்டிலுக்கு நேரே நின்றேன். அவர்களும் நின்றார்கள். ஒரு எட்டுப் பின்னால் வரச் சொன்னேன், பாதுகாப்புக்கு. தங்கை தலையாட்டினாள். கையால் பெடலின் பித்தானை அழுத்தினேன்.

இனி வாசல்வரை நூற்று எண்பது எட்டு நடக்கவேண்டும். பலகையின் மேல் வெப்பமானி முப்பது காட்டியது. எனக்கு வேலை நடுங்காமல் நடப்பது மட்டும். எதிரே ஒரு ஆட்டோ வந்து, எங்களைக் கண்டு ஓரத்தில் ஒதுங்கி, எஞ்சினையும் நிறுத்தியது. சைக்கிளில் வந்த ஒருவர், "என்ன, இன்னும் பெருநாள் முடியேல்லையோ?" என்று கேட்டார். நாங்கள் மூவரும் நடையை நிறுத்தவில்லை. அவர் இறங்கி, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஐந்தாம் குறிக்குக் கிட்ட ஒரு சிறிய வெடிப்புச் சத்தம் வந்தது. தங்கை கண்ணை இறுக மூடினாள். நான் பெடலைப் பார்த்தேன். தகரம் காய்ந்திருந்தது. வயர் முனை ஆடியிருந்தது; பெருவிரலால் அதை உள்ளே அழுத்தி, வாசல் வரைக்கும் அப்படியே பிடித்துக்கொண்டேன். சுரம் அறவில்லை. கோயில் படியில் கடைசிச் சுரத்தை அவன் விடாமல் பிடித்திருந்தான். அது தானாக ஓயும்வரை பதினாறு தாளம் எண்ணினேன்.

தங்கை அம்ப்ளிபயரைப் படியில் வைத்தாள்.

"அண்ணை?"

"அறேல்லை" என்றேன்.

அவள் சேலைத் தலைப்பை அவிழ்த்தாள். துணியில் சுற்றிய பொட்டலம் காலையிலிருந்தே அங்கேதான் இருந்திருக்கிறது. மச்சானின் நோகிற கையில் அதை வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் கோயிலுக்குள் போனாள்.

மறுநாள் சோளகம் மீண்டும் எழுந்தது. மூன்றாம் நாள் காலை ஏழரைக்கு மச்சான் ரெஜிபோம் பெட்டியோடு தொழிற்சாலை வாசலில் நின்றான்.

"ரெண்டு பார்" என்றான், நேற்றும் வந்தவனைப் போல.

பதிவேட்டில் எழுதினேன். ஐஸ் பார்களை அவன் தோளில் தூக்கும்போது அவை வியர்த்து அவன் சேட்டை நனைத்தன. அவன் கையை உதறி, அந்த நீரை என் முகத்தில் தெளித்தான். "உதையும் எழுது."

எழுதத்தான் போகிறேன். காற்றின் ஈரத்தை அளக்க, ஈரத்துணி சுற்றிய இரண்டாவது வெப்பமானி ஒன்றை முந்தின நாள்தான் அலுவலகச் சுவரில் கொழுவியிருந்தேன். அதற்கென்று ஒரு புதிய கட்டமும் கோடு போட்டிருந்தேன்.

பெட்டியை மூடிவிட்டு அவன் கிட்ட வந்தான். "அந்தப் பிளக் ரெண்டும் அலுமாரிக்குள்ளேயே துருப்பிடிச்சுப் போச்சு, மச்சான். கடையில புதுசு வாங்கிப் போட்டனான். அவளுக்குச் சொல்லாதை."

"கேட்டாச் சொல்லுவன்."

"அது எனக்குத் தெரியாதே?" என்று சொல்லிவிட்டு, பெட்டியைச் சைக்கிளில் வைத்துக் கட்டிக்கொண்டு, தன் படகு கிடந்த பக்கம் போனான்.